இழுத்த கயிறு திரும்ப மறுத்தால்

கேள்வி: தண்ணீர் இறைக்கும் சிறிய பெட்ரோல் இன்ஜின் ஒன்று வைத்திருக்கிறேன். ஸ்டார்ட் செய்வதற்காகக் கயிற்றை இழுத்தால், அது உள்ளே திரும்பாமல் பாதியில் தொங்கிவிடுகிறது. ஸ்டார்ட்டர் முழுவதையுமே மாற்றவேண்டும் என்கிறார் மெக்கானிக். பழுது பார்க்க வழியே இல்லையா?

பதில்: பெரும்பாலும் வழி உண்டு. ஸ்டார்ட்டரின் மூடிக்குள் கயிறு சுற்றியிருக்கும் கப்பி, அதைத் திருப்பிச் சுழற்றும் பட்டையான சுருள் ஸ்பிரிங், இழுக்கும்போது வெளியே விரிந்து பிளைவீலின் (இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரம்) கிண்ணத்தைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் ஆகியவைதான் முக்கியமானவை. இவற்றில் எது கெட்டது என்று பார்க்காமல் முழுவதையும் தூக்கிப்போடுவது தேவையற்ற செலவு என்பதே என் கருத்து.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பெட்ரோல் குழாயை மூடி, ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, ஸ்டார்ட்டர் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்து, கைப்பிடியை விடாமல் மெல்ல உள்ளே போகவிடுங்கள். தனியாக இருக்கும்போது ஒழுங்காகத் திரும்பும் கயிறு, இன்ஜினில் பொருத்தியதும் தொங்குகிறது என்றால் ஸ்பிரிங்கின் மீது குற்றமில்லை. மூடி நடுமையத்தில் உட்காராமல் கொக்கிகள் கிண்ணத்தில் உரசுகின்றன என்று பொருள். போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, கொக்கிகள் பிடிக்கும் வரை கயிற்றைச் சிறிது இழுத்து, அந்த நிலையிலேயே போல்ட்டுகளை முடுக்கினால் மூடி தானாக நடுவுக்கு வந்துவிடும். பலர் புது ஸ்டார்ட்டர் வாங்குவது இந்தச் சிறு காரியத்தைச் செய்யாததால்தான்.

தனியாக இருக்கும்போதும் திரும்பவில்லை என்றால், முதலில் கயிற்றைப் பாருங்கள். நூல் பிரிந்து தடித்த கயிறும், பழையதைவிடப் பருமனான மாற்றுக் கயிறும் கப்பியின் பள்ளத்தில் அடங்காமல் இறுகிவிடும். பழைய கயிற்றின் பருமனும் நீளமும் கொண்ட பின்னல் நைலான் கயிற்றையே போட்டு, வெட்டிய நுனியைத் தீயில் உருக்கிக்கொள்ளுங்கள். கயிறு வெளிவரும் துளையின் விளிம்பு தேய்ந்து கூராகியிருந்தால், எத்தனை கயிறு போட்டாலும் அறுந்துகொண்டே இருக்கும். துளையில் பொருத்தியிருக்கும் வளையத்தை மாற்றிவிடுங்கள்.

கயிறு நன்றாக இருந்தால், ஸ்பிரிங்கின் முறுக்கு குறைந்திருக்கலாம். கயிற்றைச் சிறிது வெளியே எடுத்து, கப்பியின் ஓரத்து வெட்டில் ஒரு மடிப்பாக மாட்டி, கயிறு இழுக்கப்படும்போது கப்பி சுழலும் அதே திசையில் ஒரு சுற்று கூட்டுங்கள். பிறகு கப்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, மடிப்பை நேராக்கி, கயிற்றை மெல்ல உள்ளே விடுங்கள். கைப்பிடி துளையோடு ஒட்டி நிற்க வேண்டும். தொங்கினால் இன்னொரு சுற்று. ஆனால் கயிறு முழுவதும் வெளியே வந்த நிலையிலும் கப்பி இன்னும் அரைச் சுற்றாவது சுழல இடமிருக்க வேண்டும். இல்லையென்றால் முறுக்கு அதிகம். ஒரு சுற்றைக் குறைக்காவிட்டால் ஸ்பிரிங் உடைந்துவிடும்.

ஸ்பிரிங்கே உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். கப்பியைத் தூக்கும்போது ஸ்பிரிங் சீறிப் பாய்ந்து கண்ணையோ கையையோ கிழிக்கக்கூடும் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: புதுக் கயிறு மாட்டிய பிறகு அது இதமாகப் போய் வருகிறது, இன்ஜின் மட்டும் சுழலவில்லை. ஏன்?

பதில்: கொக்கிகள் விரியவில்லை. மூடியைக் கழற்றிக் கயிற்றை இழுத்தால் கண்ணாலேயே காணலாம். பழைய கிரீஸும் தூசியும் இறுகியிருந்தால் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். மறுபடி கிரீஸ் பூசாதீர்கள். கப்பியின் நடுவில் இருக்கும் சிறு உராய்வு ஸ்பிரிங்தான் பல மாடல்களில் கொக்கிகளை வெளியே தள்ளுகிறது. அங்கே எண்ணெய் பட்டால் உராய்வு போய்விடும், நடு ஸ்க்ரூ தளர்ந்தாலும் அதே கதிதான். சில இன்ஜின்களில் அந்த ஸ்க்ரூ எதிர்த்திசை மரையுடையது என்பதால், கழலவில்லை என்று வலுக்கட்டாயம் செய்யவேண்டாம். கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டால் கொக்கிகளைத் தலைகீழாக மாட்டும் தவறு நேராது.

கேள்வி: கயிறு அசையவே மறுக்கிறது. பலமாக இழுக்கலாமா?

பதில்: கூடாது. மூடியைக் கழற்றிப் பிளைவீலைக் கையால் சுழற்றிப் பாருங்கள். அது சுழன்றால், கப்பிக்கும் மூடிக்கும் இடையே கயிறு சிக்கியிருக்கிறது. சுழலவில்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். கார்புரேட்டரிலிருந்து கசிந்த பெட்ரோலோ, இன்ஜினைச் சாய்த்து வைத்ததால் புகுந்த ஆயிலோ சிலிண்டரில் தேங்கியிருக்கலாம். பிளக் வயரைத் தூரத் தள்ளி, முகத்தை விலக்கிக்கொண்டு, பிளைவீலை மெல்லச் சுழற்றினால் அது வெளியேறிவிடும். தேங்கியது பெட்ரோல் என்றால் அது ஆயிலோடும் கலந்திருக்கக்கூடும். ஆயிலை மாற்றி, கார்புரேட்டரின் கசிவையும் சரிசெய்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றியும் சுழலாத இன்ஜினில் பழுது உள்ளே இருக்கிறது. அதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.