தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்க வேண்டாம்

கேள்வி: எங்கள் பொமரேனியன் ஜிம்மிக்கு 13 வயது. திருச்சியில் என் அப்பாவுடன் இருக்கிறான். அப்பாவுக்கு வயது 76, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜிம்மி, என் அம்மா ஆசையாக வளர்த்த நாய். நான்கு வருடங்களுக்கு முன்பு அம்மா புற்றுநோயில் இறந்துவிட்டார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் ஊருக்குப் போனபோது ஜிம்மி மிகவும் இளைத்திருந்தான். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். டாக்டரிடம் தூக்கிப் போனேன். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) ரத்தத்தில் 4.6 இருக்கிறது, இனிக் குணமாகாது என்றார். அப்பாவிடம் ‘வயதாகிவிட்டது, சத்து மருந்து கொடுத்திருக்கிறார்’ என்று மட்டும் சொன்னேன். ஜிம்மி ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான், இரவில் கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகிறான். அதனால் அப்பா இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறார். அம்மாவின் நோயைக் கடைசி மாதம் வரை அப்பாவிடம் முழுதாகச் சொல்லாமல் இருந்தோம். அதை அவர் இன்றும் சொல்லிச் சொல்லி வருந்துகிறார். இதையும் சொன்னால் தாங்குவாரா? டயாலிசிஸுக்குச் சென்னை கொண்டுபோகலாம் என்கிறாள் தோழி. ‘ஒரு நாய்க்குப் போய் இவ்வளவா? ஊசி போட்டு முடித்துவிட்டு அப்பாவுக்கு ஒரு குட்டி வாங்கிக் கொடு’ என்கிறான் தம்பி. உயிரை எடுப்பது பாவம் என்கிறார் அத்தை. நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மற்றவற்றைப் பிறகு பேசலாம். இன்று இரவே அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவனுடைய படுக்கைக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் தண்ணீர் இருக்கட்டும்.

நிறையக் குடிப்பதால்தான் ஜிம்மி நிறையச் சிறுநீர் கழிக்கிறான் என்று அப்பா நினைக்கிறார். பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நடப்பது தலைகீழ். நல்ல சிறுநீரகம், உடம்புக்குத் தேவையான தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு கழிவை மட்டும் கெட்டியாக வெளியே அனுப்பும். பழுதான சிறுநீரகத்தால் அப்படி இழுக்க முடியாது. தண்ணீர் கட்டுப்பாடின்றி வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, அந்த இழப்பை ஈடுகட்டத்தான் அவன் குடிக்கிறான். கிண்ணத்தை எடுத்துவிட்டாலும் சிறுநீர் நிற்காது. உடம்பு வற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும், மிச்சமிருக்கும் திறனும் கெடும். கூடம் நனைவதற்குப் பழைய செய்தித்தாளும், அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் போதும். அப்பா நள்ளிரவில் எழுகிறவராக இருந்தால், அந்த நேரத்தில் ஒருமுறை வாசலுக்கு அழைத்துப் போகலாம்.

இதற்குள்ளேயே உங்கள் பெரிய கேள்விக்கும் பதில் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் மறைத்ததால் அவர் துளியும் கெட்ட எண்ணமில்லாமல் அந்த நாய்க்குத் தீங்கான ஒன்றைத் தினமும் செய்துகொண்டிருக்கிறார். நாளை அவருக்கு மூட்டுவலி மாத்திரை வாங்கி வரும்போது, ஜிம்மியும் நடக்கச் சிரமப்படுகிறானே என்று பாதியை உடைத்து அவனுக்கும் கொடுக்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் ஆரோக்கியமான நாயின் சிறுநீரகத்தையே சிதைக்கக்கூடியவை. பாயசத்தில் இருக்கும் உலர்திராட்சையை அன்பாக ஊட்டிவிடலாம். திராட்சை, பச்சையோ உலர்ந்ததோ, நாய்களின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. ஜிம்மியின் ஒரு நாளில் முக்கால் பங்கு உங்கள் அப்பாவின் கையில் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் இந்த நோய்க்கு வைத்தியமே பார்க்க முடியாது.

நம் குடும்பங்களில் பெரியவர்களிடம் நோயை மறைப்பது பாசத்தால் வரும் பழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அம்மாவின் நோயைச் சொல்லாமல் வைத்ததை அப்பா இன்றும் சொல்லி வருந்துகிறார். அவர் கேட்பது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது: ‘எனக்குத் தெரிந்திருந்தால் அந்த மாதங்களை வேறு விதமாக அவளோடு கழித்திருப்பேனே.’ அந்த வாய்ப்பை இந்த முறை அவருக்குக் கொடுங்கள்.

நோயைப் பற்றித் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். இந்த வார இறுதியில் திருச்சிக்குப் போங்கள். அப்பாவையும் ஜிம்மியையும் ஒன்றாக டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஸ்கேன் படத்தை டாக்டரே அவருக்குக் காட்டி விளக்கட்டும். ‘இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று தொடங்காமல், ‘சிறுநீரகம் கெட்டுவிட்டது, திரும்ப வராது. ஆனால் இருக்கும் காலத்தைச் சிரமமில்லாமல் ஆக்க நிறையச் செய்யலாம், அதற்கு நீங்கள்தான் வேண்டும்’ என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் அழுதால் அழட்டும். அந்த அழுகையில் உங்கள் அம்மாவுக்கான பங்கும் இருக்கும். இடையில் பேசி அதை நிறுத்திவிடாதீர்கள்.

கிண்ணத்தை எடுத்து வைத்ததைக் குற்றமாகப் பேசக் கூடாது. முன்பே கவனித்திருக்க வேண்டும் என்று நீங்களும் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறத் தொடங்கும். அதுவரை நாய் வாலாட்டிக்கொண்டு, குரைத்துக்கொண்டு, வழக்கம்போலத்தான் இருக்கும்.

அடுத்தது, அந்த 4.6. நாய்களின் நாள்பட்ட சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் சர்வதேச முறை ஒன்று உண்டு. அதன்படி கிரியேட்டினின் 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் போனால் நான்காம் நிலை. ஜிம்மி மூன்றாம் நிலையின் மேல் விளிம்பில் நிற்கிறான். ஆனால் உடம்பில் நீர்ச்சத்து சரியாக இருக்கும்போது எடுத்த ரத்தத்தை வைத்துத்தான் நிலையைத் தீர்மானிக்க வேண்டும். இரவெல்லாம் தண்ணீர் இல்லாமல் இருந்தவனின் ரத்தத்தில் அந்த எண் கொஞ்சம் கூடுதலாகவே காட்டியிருக்கலாம். சலைன் ஏற்றி, சில நாட்கள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கூடவே பாஸ்பரஸ் அளவு, சிறுநீரில் புரதம் போகிறதா, கிருமித் தொற்று இருக்கிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறினால் நாய்க்குத் திடீரென்று பார்வை போய்விடுவதுண்டு, மாத்திரையால் அதைத் தடுக்கலாம். உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் ஒரு பரிசோதனை செய்துவிடுவது நல்லது. இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுப்பவை, இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும் என்பதால், முடிவு வரும்வரை அப்பா கையுறை போட்டுக்கொண்டு கூடத்தைத் துடைக்கட்டும்.

உணவுக்கு வருகிறேன். பெரும்பாலான வீடுகளில் சண்டை வருவது இங்கேதான். சிறுநீரக நோய்க்கென்று தயாரிக்கப்பட்ட நாய் உணவு கடைகளில் கிடைக்கிறது, பாஸ்பரஸும் உப்பும் குறைவாக இருக்கும், விலை அதிகம். வாங்க முடிந்தால் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஒன்றிரண்டு வாரங்களில் மாற்றுங்கள். குமட்டல் இருக்கும் நாட்களில் அதை ஆரம்பிக்கக் கூடாது. உடம்பு படுத்தும்போது வைத்த உணவை நாய் அதற்குப் பிறகும் வெறுத்து ஒதுக்கிவிடும். முதலில் குமட்டலுக்கு மருந்து, பிறகுதான் உணவு மாற்றம். வாங்க முடியாவிட்டால் குழைந்த வெள்ளைச் சோறு, முட்டையின் வெள்ளைக் கரு, தோல் நீக்கிய கோழிக்கறி கொஞ்சம் என்று வீட்டிலேயே தரலாம், அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் கரு, ஈரல், எலும்பு, கருவாடு, பால் ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: எதையுமே தொடாதவன் ஒரு நாள் தயிர்சோறு மட்டும் சாப்பிடுகிறான் என்றால் தயிர்சோறே கொடுங்கள். பத்திய உணவை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பதைவிட அது மேல். வாயைத் திறந்து திணிப்பது மட்டும் கூடவே கூடாது. உணவு நுரையீரலுக்குள் போய்விடலாம். அதோடு, தன்னை ஊட்டி வளர்த்த கையைப் பார்த்தே அவன் பயப்படத் தொடங்கிவிடுவான்.

வாரத்தில் சில நாட்கள் தோலுக்கடியில் சலைன் ஏற்றுவது இந்த நோயில் நல்ல பலன் தரும். தோள்பட்டைக்கு மேலே தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகுவார்கள். அங்கே பை போல வீங்கி, சில மணி நேரத்தில் தானாக வடிந்துவிடும். நரம்பு தேட வேண்டியதில்லை என்பதால் வீட்டிலேயே செய்யலாம். வயதான பொமரேனியன்களுக்கு இதய வால்வு நோய் சாதாரணமாக வரும், அப்படியிருந்தால் அதிகப்படி சலைன் மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். ஆகவே முதலில் இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்குக் கை நடுக்கம் இருந்தால், கால்நடை மருந்தகத்தில் வேலை செய்யும் உதவியாளர் யாரையாவது வீட்டுக்கு வந்து போட ஏற்பாடு செய்யலாம்.

தோழி சொன்ன டயாலிசிஸ். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் அந்த வசதி இருக்கிறது. விஷம், எலிக்காய்ச்சல் போன்ற காரணங்களால் திடீரென்று செயலிழந்து, மீண்டுவர வாய்ப்புள்ள சிறுநீரகத்துக்கு அது உயிர் காக்கும் சிகிச்சை. சுருங்கிப்போன சிறுநீரகம் மீளாது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு கிழநாயை மறுபடி மறுபடி தூக்கிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம்.

எவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். மூன்றாம் நிலையில் நன்றாகப் பராமரித்தால் சில மாதங்கள், சில நாய்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும்கூட. அதைவிடத் துல்லியமாக யாராவது தேதி குறித்தால் நம்ப வேண்டாம். அதற்காகக் கடன் வாங்கவும் வேண்டாம். மாதம் இவ்வளவு முடியும் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அதற்குள் எது முக்கியம் என்று அவர் தேர்ந்தெடுத்துத் தருவார்.

‘ஒரு நாய்க்குப் போய் இவ்வளவா’ என்று கேட்கும் தம்பிக்கு: திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. போரில் இறந்த வீரனுக்குப் பக்கத்தில், கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் ஒரு நாயை அவ்வளவு மதித்திருக்கிறார்கள். உங்கள் துக்கத்துக்காக நீங்கள் யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அத்தையின் பயம் வேறு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த நோயின் கடைசி நாட்கள் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரிய வேண்டும். கழிவு ரத்தத்தில் தேங்கி வாய்ப்புண் வரும், மூச்சில் சிறுநீர் வாடை வீசும், ஓயாத வாந்தி இருக்கும், சில நாய்களுக்கு வலிப்பும் வரும். தானாக அமைதியாகப் போய்விடும் என்று காத்திருந்த பல குடும்பங்கள் அந்த அமைதியைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டத்தில் ஊசி போடுவதைப் பாவம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. உங்கள் குடும்பம் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதுவும் சரி, ஆனால் குமட்டலுக்கும் வலிக்குமான மருந்தைக் கடைசி நாள் வரை நிறுத்தக் கூடாது.

எப்போது என்பதை அப்பாவே உங்களுக்குச் சொல்வார். தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் அவர் எழுதி வைக்கட்டும்: சாப்பிட்டானா, வாந்தி உண்டா, தானாக எழுந்தானா, கேட் சத்தம் கேட்டுத் தலை தூக்கினானா. ரயிலில் கார்டாக இருந்தவருக்குப் பதிவு எழுதுவது புதிதல்ல. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்காகவே ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். வலி குறைவாக இருந்தால்தான் வலிக்கு அதிக மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அவர் கணக்கு. என் அனுபவத்தில் ஏழாவது கேள்விதான் மற்றவற்றைவிடக் கனமானது. அதற்கான பதில் காலண்டர் தாள்களிலேயே தெரிந்துவிடும்.

அந்த நாள் வந்தால், டாக்டர் வீட்டுக்கு வருவாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். எழுத்து மூலம் சம்மதம் கேட்பார்கள். முதலில் மயக்க ஊசி, ஜிம்மி தூங்கிய பிறகு நரம்பில் அளவுக்கு அதிகமான மயக்க மருந்து. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண்கள் மூடாது, ஓரிரு முறை மூச்சு வாங்குவது போல உடம்பு அசையலாம், சிறுநீர் போகலாம். இவை வேதனையின் அறிகுறிகள் அல்ல என்று அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தெரியாமல் பார்த்தால் அந்தக் காட்சி அவரை விட்டு நீங்காது. அடக்கம் செய்ய, கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி வேண்டும். ஊசி மருந்து உடலில் தங்கியிருக்கும், அதைத் தோண்டித் தின்னும் பிராணிகளும் பறவைகளும் செத்துப்போகும்.

குட்டி வாங்கிக் கொடுப்பதை இப்போது பேச வேண்டாம். நோயாளிக்கு ஓய்வு தேவைப்படும் வீட்டில் ஒரு குட்டி ஓடி விளையாடினால் ஜிம்மிக்குத்தான் தொல்லை. பிறகு அப்பாவே கேட்டால், குட்டிக்குப் பதிலாக ஐந்தாறு வயதான, ஆளில்லாத ஒரு நாட்டு நாயை அவருக்குக் காட்டுங்கள். கயிற்றை இழுக்காமல் அவருடைய நடைக்கு ஏற்றாற்போல் வரக்கூடிய நாயாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.