குளிருக்கு முன் வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மதுரையிலிருந்து ஏப்ரலில் கனடாவின் பிராம்டன் வந்தோம். கணவர், நான், ஏழு வயது மகள். ஒரு வீட்டின் பேஸ்மென்டில், அதாவது தரைக்குக் கீழே உள்ள தளத்தில், வாடகைக்கு இருக்கிறோம். கோடை நன்றாகவே போயிற்று. செப்டம்பர் பாதி தாண்டியதும் தெருவே மாறிவிட்டது. வாசலில் பூசணிக்காய், கதவில் இலை வளையம், கடை முழுக்க லவங்கப்பட்டை மெழுகுவத்தி. யூடியூபைத் திறந்தால் இலையுதிர் காலத்துக்கு வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று குஷன் உறையும் கம்பளியுமாக வாங்கிக் குவிக்கிறார்கள். “நம்ம வீட்டுக்கு எப்போம்மா?” என்று மகள் கேட்கிறாள். எங்களிடம் அதற்குப் பணமும் இல்லை, இடமும் இல்லை. ஆனால் ஏதோ செய்தாக வேண்டும் என்று மட்டும் புரிகிறது. ஐந்து மணிக்கே இருட்டிவிடும், மனசு சோர்ந்துபோகும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். பால்கனி இல்லாத வீட்டில் ஆசைப்பட்டு வாங்கி, பின்பக்கம் வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடி வேறு இலை மஞ்சளாகி நிற்கிறது. நிஜமாகவே என்ன செய்ய வேண்டும்? நவம்பரில் அம்மாவை வரச்சொல்லலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

பூசணிக்காயை முதலில் முடித்துவிடுவோம். ஒன்று வாங்குங்கள். குழந்தை கேட்கிறாள், அந்தக் காரணம் போதும். வாசலில் வைக்கும் பெரிய காய் செதுக்குவதற்கென்றே வளர்ப்பது. தண்ணீரும் நாருமாக இருக்கும், சாம்பாரில் போட்டு ஏமாறாதீர்கள். சமைப்பதற்கு பட்டர்நட் ஸ்குவாஷ் வாங்கிக்கொள்ளுங்கள், நம் பரங்கிக்காய்க்குக் கிட்டத்தில் வரும். மெழுகுவத்தி வேண்டாம். இந்த மாதங்களில் காப்பி முதல் கேக் வரை போடுகிற ‘பம்ப்கின் ஸ்பைஸ்’ என்பது பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி, அவ்வளவுதான். அதன் வாசனைக்குக் காசு கொடுக்கிற நிலையில் தமிழ் வீடு எதுவும் இல்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். நீங்கள் மதுரைக்காரர் என்பதால் சொல்கிறேன். குளிர்காலத்துக்கு ஒரு வீடு எப்படி மாறுகிறது என்பதை நான் படித்தவற்றில் மிக நுணுக்கமாகச் சொல்வது நெடுநல்வாடைதான். நக்கீரர் பாடியது, பத்துப்பாட்டில் ஒன்று, வெறும் 188 அடி. அதில் வருவது ஐப்பசி, கார்த்திகையின் கூதிர் காலம். பாண்டியனின் ஊர். வாடைக் காற்றும் விடாத தூறலும். அந்த ஊர் என்ன செய்கிறது என்று பாருங்கள். சந்தனம் அரைக்கும் வட்டக்கல்லைச் சும்மா போட்டுவிடுகிறார்கள். பெண்கள் கூந்தலில் மாலை சூடுவதை விட்டுவிட்டு, சில பூக்களை மட்டும் வைத்துக்கொண்டு, அகில் புகை ஊட்டுகிறார்கள். அழகாகச் செய்த விசிறியைச் சுருக்கி முளையில் மாட்டிவிட்டார்கள், அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. வேனிலில் படுக்கும் மேல்மாடத்தில், தென்றல் வரும் வழியின் கதவைத் தாழிட்டுவிடுகிறார்கள். குறுகிய வாயுள்ள கன்னல் என்ற பாத்திரத்தில் குளிர்ந்த நீரை யாரும் குடிப்பதில்லை. அகன்ற வாயுள்ள தடவு என்ற நெருப்புச் சட்டியில் நெருப்பு மூட்டிக் காய்கிறார்கள்.

இதில் புதிதாக வாங்கியது என்று ஒரு பொருளாவது இருக்கிறதா? எல்லாம் நிறுத்தியது, மாட்டியது, மூடியது, இடம் மாற்றியது. பருவம் மாறுகிறபோது வீட்டில் முதலில் முடிவு செய்ய வேண்டியது இனி ஆறு மாதத்துக்கு எது வேண்டாம் என்பதைத்தான். யூடியூப்காரர்களுக்கு இதில் வருமானம் இல்லை, அதனால் சொல்ல மாட்டார்கள்.

எனவே மேசை விசிறி, மகளின் கோடைச் செருப்பு, பருத்திச் சட்டைகள், நீச்சல் துணி எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். பேஸ்மென்டில் இடம் குறைவு என்றீர்கள். அந்த இடத்துக்குத்தான் கோட்டும் பூட்ஸும் வரப்போகின்றன. வாசலுக்குப் பக்கத்தில் பூட்ஸ் வைக்க ஒரு தட்டு போட்டுவிடுங்கள். பனி உருகும் தண்ணீரோடு சாலையில் தூவும் உப்பும் சேர்ந்து வரும், தரையில் வெள்ளையாகப் படியும்.

கோட்டைப் பற்றி ஒன்று. சமையலறைக்குப் பக்கத்தில் கோட்டை மாட்டாதீர்கள். பேஸ்மென்ட் வீடுகளில் வாசலும் அடுப்படியும் அநேகமாக ஒரே இடம்தான், எனக்குத் தெரியும். படுக்கையறையில் கதவு மூடுகிற அலமாரி இருந்தால் அதற்குள் மாட்டுங்கள். தாளிக்கிறபோது அந்தக் கதவும் மூடியிருக்கட்டும், அடுப்புக்கு மேலுள்ள விசிறியும் ஓடட்டும். நம் சாப்பாட்டு வாசனைக்கு வெட்கப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. சட்டையை மறுநாள் துவைத்துவிடலாம். கனமான குளிர்கோட்டை அப்படித் துவைக்க முடியாது, வெங்காயமும் பெருங்காயமும் மார்ச் வரை அதிலேயே குடியிருக்கும்.

அந்த விசிறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சோறு வடிப்பது, இட்லி வேகவைப்பது, வீட்டுக்குள் துணி காயப்போடுவது என்று நம் வீடுகளில் நீராவி அதிகம். வெளியே குளிர ஆரம்பித்ததும் அந்த ஈரம் ஜன்னல் கண்ணாடியிலும் வெளிச்சுவரிலும் போய்ப் படியும். பேஸ்மென்டில் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடிப்பது இப்படித்தான். இரண்டு மூன்று அங்குலம் முன்னால் இழுத்து வையுங்கள், காற்று போகட்டும். காலையில் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் துடைத்துவிடுங்கள். ஜனவரியில் இதற்கு நேர்மாறாக ஹீட்டர் காற்று தோலையும் மூக்கையும் காயவைக்கும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி மலிவாகவே கிடைக்கிறது. 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. நான் வாங்கச் சொல்லும் பொருள் இது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகையைக் கேட்காமலே விட்டுவிட்டீர்களே! நமக்கு இந்தப் பருவத்தில் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ ஆயுத பூஜை வரும். ஊரில் அன்றைக்கு வண்டி, தறி, தையல் மெஷின் என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்போம். என் வீட்டில் அந்தப் பட்டியலில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் சேர்ந்துவிட்டது. அதன் ஃபில்டரை அன்றைக்கு மாற்றுவேன், புகை அலாரத்தையும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் பட்டனை அமுக்கிக் கத்தவிட்டுப் பார்ப்பேன். உங்கள் வீட்டில் ஃபர்னஸ் வீட்டுக்காரர் பொறுப்பு. ஃபில்டர் மாற்றியாயிற்றா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. அலாரம் வேலை செய்கிறதா என்பதை மட்டும் நீங்களே பாருங்கள். ஒன்டாரியோவில் வாடகை வீட்டில் அதை வைத்துப் பராமரிப்பது வீட்டுக்காரரின் சட்டப்படியான கடமை. நக்கீரர் சொன்ன நெருப்புச் சட்டியை மட்டும் பின்பற்றிவிடாதீர்கள். மூடிய வீட்டுக்குள் குளிருக்குக் கரி மூட்டினால் உயிரே போகும். சாம்பிராணி போட ஆசை வந்தால் அலாரத்துக்கு நேர் கீழே நின்று போடாதீர்கள். மேல் வீட்டுக்காரர் படியிறங்கி ஓடி வருவார்.

இப்போது கறிவேப்பிலை. உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமான அவசரமாகத் தெரிந்தது இதுதான். இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போவதற்குள் செடியை உள்ளே கொண்டுவர வேண்டும், உங்கள் பக்கம் செப்டம்பர் முடிவதற்குள் அந்தக் குளிர் வந்துவிடும். ஒரே நாளில் தூக்கி உள்ளே வைக்காதீர்கள். முதலில் சில நாள் இரவில் மட்டும் உள்ளே, பகலில் வெளியே. கொண்டுவருவதற்கு முன் ஒவ்வொரு இலையையும் திருப்பி, நடு நரம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் செதில் பூச்சி இருக்கிறது. தண்டிலும் நரம்பிலும் கடுகை ஒட்டி வைத்ததுபோலப் பழுப்பாக, அசையாமல் இருக்கும். செடியின் பாகம் என்றே நினைத்து ஏமாந்துவிடுவோம். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். மிச்சத்தைச் சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, குழாயடியில் காட்டிக் கழுவுங்கள்.

உள்ளே வந்ததும் இலை கொட்டத்தான் செய்யும். பாதிக்கு மேல் கொட்டினாலும் பதறாதீர்கள். வெளிச்சம் குறையும்போது அது தூங்கப் போகிறது. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பாசத்தில் கொன்றுவிடுகிறார்கள். வாடுகிறதே என்று தினமும் தண்ணீர், உரம். வேர் அழுகிவிடும். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உரம் ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம். பேஸ்மென்ட் ஜன்னல் வெளிச்சம் அதற்குப் போதாது. மேல் வீட்டில் தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் செடிக்கென்று விற்கும் விளக்கு ஒன்று. (ஆக, வாங்க வேண்டியது இரண்டாகிவிட்டது.)

தோசை மாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு வாரத்தில் கேட்பீர்கள். மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் அதன் விளக்கை மட்டும் போடுங்கள். காலையில் பொங்கியிருக்கும். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். உள்ளே மாவு இருப்பது தெரியாமல் யாராவது ஓவனைச் சூடாக்குவது எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது நடக்கிறது.

இருட்டுக்கு வருகிறேன். பயமுறுத்துகிறவர்கள் சொல்வது பொய்யில்லை. மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான வித்தியாசம். இங்கே அது ஆறரை மணி நேரம். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அதற்கு முந்தின நாள் ஆறு மணிக்கு மேல் மறைந்த சூரியன் அன்றைக்கு ஐந்தைத் தாண்டியதும் போய்விடும். ஊரில் நாம் பொழுதைப் பார்த்தே பழகியவர்கள். இருட்டினால் விளக்கு, விளக்கேற்றினால் சாப்பாடு, சாப்பிட்டால் படுக்கை. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் ஏழு மணிக்கே நாள் முடிந்துவிட்டது என்று உடம்பு நம்பிவிடும்.

நெடுநல்வாடையில் இதற்கும் ஒரு காட்சி இருக்கிறது. மழை மூட்டத்தில் பகலா மாலையா என்றே தெரியவில்லை. பெண்கள் பிச்சி அரும்புகளைத் தட்டில் இட்டு வைக்கிறார்கள். அவை மலர்ந்து மணம் வந்ததும், மாலை வந்துவிட்டது என்று அறிந்து இரும்பு விளக்கை ஏற்றி, நெல்லும் பூவும் தூவிக் கும்பிடுகிறார்கள். வானத்தை நம்ப முடியாதபோது பொழுதுக்கு வேறொரு அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு இருட்டினாலும் ஆறரைக்குத்தான் சாமி விளக்கு, ஏழரைக்குச் சாப்பாடு, அதற்கு முன் மகளோடு ஒரு விளையாட்டு என்று இருந்தால் இருட்டு வெறும் இருட்டாக மட்டும் இருக்கும்.

அப்புறம் மதிய வெளிச்சத்தை விடாதீர்கள். சூரியனைப் பார்க்கக் கூடிய நேரம் அதுதான். அக்டோபர் நடுவில் மேப்பிள் சிவந்து நிற்கும்போது ஹார்ட் லேக் பக்கம் போய் நடந்துவிட்டு வாருங்கள், உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அதே நடையை நவம்பரில் இலை எல்லாம் கொட்டின பிறகும் தொடர வேண்டும், அதுதான் கஷ்டம். வைட்டமின் டி விஷயத்தில் மட்டும் நடையை நம்ப முடியாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இந்த ஊர் வெயில் தோலில் பட்டு அது உருவாவது மிகக் குறைவு. நம் நிறத்துக்கு இன்னும் குறைவு. இங்கே பசும்பாலில் அதைச் சேர்த்தே விற்கிறார்கள், எல்லாத் தயிரிலும் இருக்காது. மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை மூன்று பேருக்கும் சேர்த்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளுக்குப் பனிக்கால உடுப்பை அக்டோபருக்குள் வாங்கிவிடுங்கள். பழைய துணிக் கடைகளில் நல்ல ஸ்னோ பேன்ட் அப்போது கிடைக்கும், டிசம்பரில் அளவு இருக்காது. ஜிப்பைத் தானே போடப் பழக்குங்கள். வகுப்பில் இருபது குழந்தைகளுக்கும் ஆசிரியர் ஒருவரே போட்டுவிட முடியாது.

அம்மா நவம்பரில் வருவதில் எனக்கு உடன்பாடில்லை. இலையும் இல்லை, பனியும் இல்லை, சாம்பல் வானம் மட்டும் இருக்கும் மாதம் அது. நீங்கள் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போய்விட்டால், பேஸ்மென்டில் தனியாக உட்கார்ந்து மதுரைக்கு வாட்ஸப்பில் பேசிக்கொண்டிருப்பார். இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்றால் மே மாதத்துக்குத் தள்ளுங்கள். கறிவேப்பிலையும் அப்போது துளிர்த்திருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவரே எடுத்துக்கொள்வார். எடுத்தாயிற்று என்றால் மதுரையில் ஸ்வெட்டர் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இந்தக் குளிருக்கு அது காணாது. வந்த பிறகு இங்கேயே வாங்கலாம். கிளம்புவதற்கு முன்னால் மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். பிரஷர், சர்க்கரை என்று ஏற்கெனவே இருப்பது எதையும் விடாமல் அந்தப் படிவத்தில் எழுதுங்கள். மாத்திரைச் சீட்டை ஆங்கிலத்தில் டைப் அடித்து டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, கைப்பையில் வைத்துக்கொண்டு ஏறச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா