நாற்பதில் வாட்டர் போலோ

கேள்வி: எனக்கு 40 வயது, நீச்சல் தெரியும். வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து வாட்டர் போலோ (நீரில் மிதந்தபடி பந்தை எதிரணியின் கோலுக்குள் எறியும் ஆட்டம்) அணி நடத்த முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: தாராளமாக முடியும். நானே 36 வயதில்தான் சேர்ந்தேன். முதல் நாள் குளத்துக்கு வந்தது ஆறு பேர். ஓர் அணிக்கு கோலியோடு (கோல் காப்பவரோடு) ஏழு பேர் வேண்டும், அதனால் மூன்று மூன்று பேராகப் பிரிந்து ஆடினோம். இன்று செவ்வாய்க்கிழமை இரவுகளில் பதினாறு பேர் வருகிறோம். தாதி, கணக்காளர், பேருந்து ஓட்டுநர், இரண்டு பிள்ளைகளின் அம்மா என்று எல்லாரும் உண்டு.

பந்தை எறிவதை விட மிதப்பதுதான் கடினம். தரையில் கால் ஊன்றக் கூடாது. இரு கால்களையும் மாற்றி மாற்றி வட்டமாகச் சுழற்ற வேண்டும், முட்டை அடிக்கும் கருவி போல. முதல் மூன்று மாதம் எங்களுக்கு இதுதான் பாடம். கைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு நிமிடம் நின்ற நாளில் எனக்கு அழுகையே வந்துவிட்டது! அப்புறம் பந்து. கோலியைத் தவிர மற்றவர்கள் ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும்.

உங்கள் ஊர் இந்த ஆட்டத்துக்குப் பேர் போனது. 1965 முதல் 2017 வரை தென்கிழக்காசியப் போட்டிகளில் சிங்கப்பூர் ஆண்கள் தொடர்ந்து 27 தங்கம் வென்றார்கள். 2019இல் நழுவவிட்டதை 2023இல் மீட்டார்கள்.

முட்டியில் பழைய வலி இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சரி, காதுக் காப்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கிவிடுங்கள்.