பயமுறுத்தாமல் சொல்லுங்கள்

கேள்வி: அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், கேலப் நகருக்கு அருகே செவிலியராகச் சேர்ந்திருக்கிறேன். சர்க்கரை நோயுள்ள நவஹோ பூர்வகுடி முதியவர்களிடம், "ஃப்ரை பிரெட்டை (எண்ணெயில் பொரித்த ரொட்டி) நிறுத்தாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும்" என்று எச்சரித்தால், அடுத்த முறை அவர்கள் வருவதே இல்லை. வேறு எப்படிச் சொல்வது?

பதில்: முதலில் அந்த எச்சரிக்கையை விட்டுவிடுங்கள். சொன்ன சொல் நடந்துவிடும் என்பது மரபுவழி வந்த நவஹோ மக்கள் பலரின் நம்பிக்கை. கால் போய்விடும் என்று நீங்கள் சொல்வது அவர்கள் காதில் சாபமாக விழுகிறது. நம் வீட்டுப் பெரியவர்களும் "வாயில் நல்ல வார்த்தை வராதா" என்று கடிந்துகொள்வார்களே, அதைவிடப் பல மடங்கு ஆழமானது இது. ஆபத்தை மறைக்கவும் கூடாது. "இந்த நோய் உள்ள சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும், தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது கால்களைக் காக்கும்" என்று பொதுவாகச் சொல்லுங்கள்.

ஃப்ரை பிரெட்டை நஞ்சு என்றும் சொல்லாதீர்கள். 1864-இல் ராணுவம் இந்த மக்களைப் போஸ்க் ரெடோண்டோ முகாமுக்கு நடத்தியே கொண்டுபோனது. 1868-இல் ஊர் திரும்பும்வரை உயிரைப் பிடித்துவைத்தவை அரசு தந்த மாவு, கொழுப்பு போன்ற ரேஷன் பொருட்கள்தான். அவற்றில் பிறந்த ரொட்டி இது. பாட்டி சுட்டுத் தந்ததை விடு என்றால் யாருக்கும் மனம் வராது. விசேஷ நாளுக்கு மட்டும் என்று மாற்றப் பேசுங்கள்.

அதற்கும் முன்பு சோடாவைக் கவனியுங்கள். இனிப்புப் பானத்தைக் குறைப்பதுதான் சர்க்கரையை வேகமாக இறக்கும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் "தண்ணீர் குடியுங்கள்" என்பதற்கு முன் வீட்டில் குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே ஏறத்தாழ பத்தில் மூன்று வீடுகளில் இல்லை. வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நவஹோ நாடு என்னும் அவர்களுடைய தன்னாட்சிப் பகுதியில் முழுமையான மளிகைக் கடைகள் சுமார் பதின்மூன்றுதான். பசுங்கீரை எழுதிக்கொடுத்துப் பயனில்லை. டின் பீன்ஸைக் கழுவி உப்பைக் குறைப்பது, டின் பழத்தின் பாகை வடித்துவிடுவது ஆகியவை நடக்கக்கூடியவை.

ஜூனிபர் சாம்பல் கலந்த நீலச்சோளக் கூழை மனதாரப் பாராட்டுங்கள். அந்தச் சாம்பலில் சுண்ணாம்புச்சத்து மிகுதி; பால் ஒவ்வாத பலருக்கு அது பெரிய உதவி. மாவுச்சத்து என்பதால் அளவு மட்டும் தேவை.

இன்சுலின் போடுபவரிடம் மின்சாரமும் குளிர்சாதனப் பெட்டியும் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். திறந்த குப்பி, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். கோடையில் டிரக்குக்குள் வைத்தால் கெட்டுவிடும்.

நல்ல செய்தியும் சொல்லுங்கள். 1996-க்கும் 2013-க்கும் இடையே, அமெரிக்கப் பூர்வகுடிகளிடையே சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகச் செயலிழப்பு 54 சதவீதம் குறைந்திருக்கிறது. இதை நவஹோ மொழி பேசும் சமூக சுகாதாரப் பணியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வீடுவீடாகப் போகும் அவருக்கு, எந்த வீட்டில் யார் சமைக்கிறார் என்பதும் தெரிந்திருக்கும்.