வெளியிலிருந்து சிகிச்சை போதுமா, அட்மிட் ஆகணுமா? மீதி 167 மணி நேரத்தைப் பாருங்கள்

இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வேலைக்கு மட்டும் எப்படியோ போய் வருகிறேன், ஓ.பி.யில் காட்டினால் போதுமா, அட்மிட் ஆக வேண்டியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஏழு வருடங்களுக்கு முன்னால் இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்த ஆள். ஒன்றரை வருடம் ஓ.பி.யில் சிகிச்சை எடுத்தேன், நடுவில் ஒன்பது நாள் வார்டிலும் இருந்தேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

பலரும் இதை நோயின் பெயரை வைத்து முடிவு செய்யப் பார்க்கிறார்கள். மனச்சோர்வா, ஓ.பி. போதும், மனச்சிதைவா (ஸ்கிசோஃப்ரீனியா), அட்மிஷன்தான். அப்படிக் கிடையாது. மனச்சிதைவு உள்ளவர்களில் மாதம் ஒரு முறை வந்து ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டில் மனச்சோர்வு என்று மட்டும் எழுதப்பட்ட நான் வார்டில் படுத்திருந்தேன்.

எனக்குப் பிறகு புரிந்த கணக்கு இதுதான். வாரத்துக்கு 168 மணி நேரம். பேச்சு சிகிச்சை என்றால் வாரத்தில் ஒரு நாள், 45 அல்லது 50 நிமிடம். மருந்துக்காக டாக்டரைப் பார்ப்பது அதைவிடக் குறைவு. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் மாதத்துக்கு ஒரு முறை. மீதி 167 மணி நேரமும் நீங்கள் உங்கள் வீட்டில், உங்கள் தலைக்குள் இருக்கிற அதே சத்தத்தோடு இருக்கப்போகிறீர்கள். அந்த நேரத்தைப் பத்திரமாகக் கடக்க முடியுமா, முடியாத ஒரு ராத்திரி வந்தால் யாரையாவது எழுப்புவீர்களா? ஓ.பி. போதுமா என்பது இதில்தான் இருக்கிறது.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் புரியும். காத்திருக்கும்போது பி.எச்.க்யூ-9 என்ற ஒரு தாளைப் பென்சிலோடு கொடுத்தார்கள். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு எல்லாம் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 27, 10 வந்தால் மிதமான மனச்சோர்வு, 20 வந்தால் கடுமையானது என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு 17. டாக்டர் கூட்டுத்தொகையில் நிற்கவே இல்லை. நேராக ஒன்பதாவது கேள்விக்குப் போனார். செத்துப்போனால் நல்லது, அல்லது உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்பதுதான் அது. நான் முதலில் 1 போட்டு, அழித்துவிட்டு, 0 போட்டிருந்தேன். அழித்த தடம் தெரிந்தது.

“முதல்ல என்ன போட்டிருந்தீங்க?”

சொன்னேன். எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அது அன்றைக்கு உண்மை. அடுத்து, “ராத்திரி வீட்ல யாரு இருப்பாங்க?” அக்கா வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டார். ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை எழுதி, கவரை அக்காவிடம் கொடுக்கச் சொன்னார். ஓ.பி. போதும் என்ற முடிவு அந்த ஐந்து நிமிடத்தில் ஆனது. அதில் 17க்கு எவ்வளவு பங்கு, அக்காவுக்கு எவ்வளவு பங்கு என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

அக்காவுக்கு ஒரு சந்தேகம். “வாரா வாரம் அலையறதுக்கு அட்மிட்டே ஆயிட்டா சீக்கிரம் சரியாயிடும்ல டாக்டர்?” பெரும்பாலான வீடுகளில் இந்த நினைப்பு இருக்கிறது. அவர் சொன்னார்: “வார்டுல உங்க தம்பியைப் பத்திரமா வெச்சுக்கலாம்மா. திங்கட்கிழமை காலைல எழுந்து வேலைக்குக் கிளம்பறதை அங்க பழக்க முடியாது.”

சரி, யாருக்கு ஓ.பி. போதாது? செத்துப்போகும் எண்ணம் திட்டமாக மாறியவர்களுக்கு. சாப்பாடு தண்ணீரே இறங்காதவர்களுக்கு. தன்னையோ பிறரையோ ஏதாவது செய்யச் சொல்லி காதில் குரல் கேட்பவர்களுக்கு. நாலைந்து நாள் தூங்காமலேயே, களைப்பே தெரியாமல், காசை வாரி இறைத்துக்கொண்டு, “எனக்கென்ன, சூப்பரா இருக்கேன்” என்று சுற்றுபவர்களுக்கு. இவர்களை ‘அடுத்த வாரம் வாங்க’ என்று அனுப்ப முடியாது. பலருக்கும் தெரியாத இன்னொன்று: தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நீண்ட நாள் போட்ட சில தூக்க மாத்திரைகளும் அப்படித்தான். நாளையிலிருந்து நிறுத்துகிறேன் என்று வீட்டில் தனியாகச் செய்கிற வேலை இல்லை இது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. பகலில் சில மணி நேரம், வாரத்தில் பல நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போகிற பகல்நேர சிகிச்சை. எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஓ.பி. எடுத்துக்கொண்டால் அலுப்புக்குத் தயாராக இருங்கள். மனச்சோர்வு மாத்திரை பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். பக்கவிளைவோ முதல் வாரமே வந்துவிடும். வயிற்றைப் பிரட்டும், தலை கனக்கும், மனசு அப்படியே இருக்கும். பலர் நிறுத்துவது இங்கேதான். சிலருக்கு, முக்கியமாக இளவயதுக்காரர்களுக்கு, இந்த ஆரம்ப வாரங்களில் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடுவதுண்டு. அப்படி ஏதாவது தோன்றினால் தேதி வரும் வரை காத்திருக்காமல் உடனே போன் செய்ய வேண்டும். தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும், அதனால் ரத்தப் பரிசோதனை எழுதினால் சலித்துக்கொள்ளாதீர்கள். முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்ததுண்டா என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். அளவு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வருகிற இருமுனைக் கோளாறாக (பைபோலார்) இருந்தால் மருந்தே வேறு.

பேச்சு சிகிச்சையில் வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். என் நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘7.00 எழவில்லை. 9.40 பல் தேய்த்தேன். மதியம் ஒன்றுமில்லை’ என்று இருக்கிறது. சின்னப் பிள்ளைத்தனமாகத் தோன்றியது. ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதுமா என்று கேட்கிறீர்களே, அந்த ஒரு மணி நேரம் மீதி நாட்களுக்குள் நுழைவது அந்த நோட்டு வழியாகத்தான். பேசுகிறவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. எனக்கு முதலில் வாய்த்தவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசுவார். இரண்டாமவரிடம்தான் வாயைத் திறந்தேன்.

நான் வார்டுக்குப் போன கதை சுருக்கமானது. மூன்றாவது மாதம் தெளிவாக இருந்தது, மாத்திரையை யாரிடமும் கேட்காமல் நிறுத்தினேன். அக்கா ஒரு மாதம் வெளியூரில். இரண்டு வாரத்தில் பழைய எண்ணம் திரும்பியது, இந்த முறை எப்படி, எப்போது என்பதோடு. ஒரு ராத்திரி அக்காவுக்கு போன் செய்து உளறினேன். அவள் பேச்சை நிறுத்தாமலேயே இன்னொரு போனில் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பினாள். என் நோய் மாறிவிடவில்லை, அந்த 167 மணி நேரம்தான் மாறியிருந்தது. ஒன்பது நாள் கழித்து மறுபடி ஓ.பி.க்கே வந்தேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குப் போகிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், வீட்டில் மனைவி இருக்கிறார். டாக்டர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும், ஆனாலும் ஓ.பி.யில் ஆரம்பிக்கிற நிலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கேள்வியின் கடைசியில், ‘காலையில் கண் விழிக்காமலே போனால் நன்றாயிருக்கும்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடம் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள், என்னைப் போல அழித்துவிடாதீர்கள். அந்த நினைப்பு எப்படி, எப்போது என்று போக ஆரம்பித்தால், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள், தனியாகப் போக வேண்டாம்.

மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். முதல் நாளே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரைக் கவர் அவர் கையில் இருக்கட்டும்.