யார் அந்த ‘அவங்க’? – கடிதம்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வாசிப்புக் குழு மாதம் ஒருமுறை கூடுகிறது. இருபது பேர், பதினேழு, பதினெட்டு வயதுத் தொடக்கக்கல்லூரி மாணவர்களும் உண்டு. ஜூனில் புத்தகத்துக்குப் பதிலாக, தன்பாலினக் காதல் பற்றிய இந்தியக் குறும்படங்கள் மூன்றைப் போடலாம் என்றிருக்கிறோம். இரண்டு இந்தி, ஒன்று வங்காளம். ஆங்கில சப்டைட்டிலைத் தமிழாக்கி இணைத்திருக்கிறேன். என் கேள்வி வேறு. இந்தப் படங்கள் ஏன் எப்போதும் பிரிவிலோ சாவிலோ முடிகின்றன? எனக்கு நெருங்கியவர் ஒருவர் பார்த்துவிட்டு, “நம்ம கதைன்னா இவ்வளவுதானா?” என்றார். (எனக்குத் தனிப்பட்ட ஈடுபாடு எதுவும் இல்லை, சமூக அக்கறை மட்டுமே.)

ம., ஈசூன்

அன்புள்ள ம.,

பதினைந்து நிமிடத்தில் கதையை முடிக்கத் தெரியாதவர்கள் ஆளைக் கொன்றுவிடுகிறார்கள். ஆண்-பெண் காதல் குறும்படங்களிலும் இதே கொலைதான். சாவு இல்லாமலும் வலிக்கவைக்கலாம். நீரஜ் கேவானின் ‘கீலி புச்சி’யில் (2021) மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, தலித் பெண்ணான பாரதிக்கு எவர்சில்வர் டம்ளர். அவ்வளவுதான்.

திரையிடல் பற்றி: ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவு 2023 ஜனவரி 3 முதல் இல்லை, ஆகவே படத் தரவகையும் தளர்ந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். அது மாறாது என்று அரசாங்கம் அப்போதே சொல்லிவிட்டது. பொது இடத்தில் போடுவதென்றால் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தரச்சான்று முன்கூட்டியே வேண்டும். ஆர்21 (21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்) வந்தால் உங்கள் தொடக்கக்கல்லூரிப் பிள்ளைகள் வெளியேதான்.

ஆனால் அந்த சப்டைட்டில் கோப்பு! ‘ஓரினச்சேர்க்கையாளர்’ பதினோரு இடத்தில் வருகிறது. உங்கள் அப்பா அம்மாவை ஈரினச்சேர்க்கையாளர்கள் என்பீர்களா? தன்பாலீர்ப்பு என்று நல்ல சொல் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கை ஒட்டி 2022-இல் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. பாத்திரத்தின் வாயில் அதையும் திணிக்காதீர்கள். அடுப்படியில் நின்றுகொண்டு “நான் தன்பாலீர்ப்பாளர்” என்று எந்த மகள் அம்மாவிடம் சொல்வாள்? “எனக்குப் பொண்ணுங்களத்தாம்மா பிடிக்குது.” போதும்.

இதைவிடப் பெரிய சேதம் விகுதியில். வங்காளத்தில் அவனுக்கும் அவளுக்கும் ‘சே’ ஒன்றுதான், வினையும் பால் காட்டாது. அந்த நாயகி யாரை நினைத்து உருகுகிறாள் என்று ஐந்து நிமிடம் நமக்குத் தெரியக்கூடாது. அதற்காகத்தானே படம்? ஆங்கிலக்காரர் ‘ஷீ’ போட்டார், நீங்களும் முதல் நிமிடத்திலேயே ‘அவள் வந்தாள்’ என்று குட்டை உடைத்துவிட்டீர்கள். தமிழில் இதற்குச் சாவி கையிலேயே இருக்கிறது.

“யாரு போன்ல?”
“கூட வேலை பாக்குறவங்கம்மா.”
“சாப்ட்டாங்களாமா?”
“சாப்ட்டாங்களாம்.”

அம்மாவுக்கு எதுவும் தெரியாது, நமக்கு எல்லாம் தெரியும். இந்தியில் இந்த மறைவிடம் கிடையாது. மரியாதைப் பன்மையிலும் ‘ரஹே’, ‘ரஹீ’ என்று பால் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு ஒருநாள் அழுகையில் “அவ வரவே இல்லம்மா” என்று வாய் தவறும். ‘அவங்க’ ‘அவ’ ஆகும் அந்த இடத்துக்காக, அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஆங்க’ போட வேண்டும்.

இந்திப் படத்தில் இதற்கு நேர்மாறு. அதுவரை ‘ரஹா’ என்று ஆண்பாலில் பேசிய திருநங்கைப் பாத்திரம் கண்ணாடி முன் முதன்முறையாகப் பெண்பாலில் ‘மே ஜா ரஹீ ஹூ’ என்கிறது. நீங்கள் ‘நான் போகிறேன்’ என்று போட்டிருக்கிறீர்கள். தமிழில் தன்மை வினைக்குப் பால் இல்லை, எனவே அந்தக் கணம் அப்படியே ஆவியாகிவிட்டது. பக்கத்தில் தோழி இருக்கிறாளே, அவள் பதிலில் ஏற்றுங்கள்: “எங்கடா” என்று கேட்டுக்கொண்டிருந்தவள் “எங்கடி?” என்று கேட்கட்டும். யாரும் இல்லாத காட்சியில், “கிளம்பிட்டா உங்க பொண்ணு” என்று படர்க்கையில் சொல்லவையுங்கள்.

திரைக்கு இரண்டு வரி, வரிக்கு நாலைந்து சொல். நீங்கள் இரண்டு விநாடிக்குள் மூன்று வரி அடுக்கியிருக்கிறீர்கள். முகத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் பார்ப்பதா? ‘நான்’, ‘நீ’யை வெட்டுங்கள், வினைமுற்றிலேயே அவை இருக்கின்றன. கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்து, அன்றைக்குப் பயன்படுத்தும் கணினியிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சில பிளேயர்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

நாலாவதாக ஃபராஸ் ஆரிஃப் அன்சாரியின் ‘சிசக்’கைச் (2017) சேர்த்து, அதையே முதலில் போடுங்கள். மும்பை மின்ரயிலில் இரண்டு ஆண்கள். வசனமே கிடையாது, உங்களால் கெடுக்க முடியாது.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது கவனித்தேன். ‘நெருங்கியவர்’, ‘என்றார்’. அவர் ஆணா பெண்ணா தெரியவில்லை, நீங்களும்தான். இப்படி எழுதத் தெரிந்தவர் அந்த சப்டைட்டிலை ஏன் ஆங்கிலத்திலிருந்து எழுதினீர்கள்? அடைப்புக்குறிக்குள் இருந்த வரி எனக்கு வேண்டாம், யாரும் கேட்கவில்லை. கோப்பைத் திருத்தும்போது அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ‘சே’ வருமிடத்தில் என்ன போடலாம் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.