பட்டறைக் கேள்விகள்: டோ ரெயிலுக்கு அடியில்

கேள்வி: அக்கா, டர்பன் துறைமுகத்தில் 26 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். 1980களில் கட்டியது. மேல்தளத்தின் விளிம்பைச் சுற்றி ஓடும் தேக்குக் கட்டை, அதாவது டோ ரெயில், இரண்டு பக்கமும் வெடித்துப் போயிருக்கிறது. சில இடங்களில் கையோடு பெயர்ந்து வருகிறது. மழை பெய்தால் உள்ளே படுக்கை நனைகிறது. தேக்கு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கியாட் மரத்தில் செய்து போடலாமா? முழு நீளத்துக்குக் கட்டை கிடைக்காவிட்டால் என்ன செய்வது?
— சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: தாராளமாகப் போடலாம் தம்பி. ஆனால் மரக்கடைக்குப் போவதற்கு முன்னால் படுக்கை ஏன் நனைகிறது என்று பாருங்கள். உங்கள் படகின் உடலைத் தனியாகவும் மேல்தளத்தைத் தனியாகவும் வார்த்து, விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பூட்டியிருப்பார்கள். அந்தப் பூட்டுவாயின் மேல் முகட்டு ஓடு மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் டோ ரெயில். அதைத் துளைத்துக்கொண்டு வரிசையாக போல்ட்டுகள் இறங்குகின்றன. ஒவ்வொரு போல்ட் துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். புதுக் கட்டையைப் பளபளவென்று இழைத்துப் போட்டுவிட்டுப் பழைய துளைகளை அப்படியே விட்டால், அடுத்த மழைக்கே படுக்கை நனையும். துறைமுகத்தின் பேஹெட் படகுப் பட்டறைகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். செலவழித்தவர்களின் முகத்தைப் பார்க்கவே மனசு கேட்காது.

கழற்றுவதிலிருந்து வருகிறேன். போல்ட் தலைகளின் மேல் வட்டமான மர மூடிகள் இருக்கும். மூடியின் நடுவில் சின்னத் துளை போட்டு, அதில் ஒரு ஸ்க்ரூவை முறுக்குங்கள். ஸ்க்ரூவின் நுனி கீழே போல்ட் தலையில் முட்டியதும் மூடி தானாக மேலே ஏறி வந்துவிடும். பிறகு ஒருவர் உள்ளே படுத்து நட்டைப் பிடிக்க, ஒருவர் மேலே திருப்ப வேண்டும். கட்டையைக் கடப்பாரையால் நெம்பாதீர்கள், ஃபைபரின் மேல்பூச்சு சில்லு சில்லாகப் போகும். மெல்லிய தகட்டுக் கத்தியை அடியில் விட்டு, மர ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து ஏற்றுங்கள். பழைய கட்டை எத்தனை துண்டாக வந்தாலும் எறிய வேண்டாம், புதியதற்கு அதுதான் அச்சு. சில படகுகளில் இதே போல்ட்டுகள்தான் மேல்தளத்தை உடலோடு சேர்த்துப் பிடித்திருக்கும். அதனால் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடுங்கள். கழற்றிய பக்கத்திலும் இடைவெளி விட்டு ஒன்றிரண்டு தற்காலிக போல்ட்டுகள் நிற்கட்டும்.

வெளியே எடுத்த போல்ட் ஒன்றைத் துடைத்துக் கையில் வைத்துப் பாருங்கள். தலையும் மரையும் பளிச்சென்று இருக்கும். ஈர மரத்துக்குள் புதைந்திருந்த இடுப்புப் பகுதி மட்டும் பழுப்பேறி, ஊசி குத்தியதுபோல் குழி விழுந்து, மெலிந்திருக்கலாம். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்தாலும், அதைக் காப்பது மேலே படரும் ஒரு மெல்லிய படலம். அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்று புகாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் படலம் அழிந்து, எஃகு உள்ளுக்குள்ளேயே அரித்துப் போகும். அப்படி ஒன்றைக் கண்டால் அந்த வரிசை முழுவதையும் மாற்றுங்கள். 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கடலுக்கு 304 போதாது.

அடுத்தது துளைகள். கம்பியால் உள்ளே நோண்டிப் பாருங்கள். கறுப்பாக, ஈரமான மரத்தூள் வந்தால், மேல்தளத்தின் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவில் வைத்த லேசான பால்சா மரம் ஊறிவிட்டது என்று அர்த்தம். நல்ல மரம் தட்டுப்படும்வரை சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, கெட்டியாகக் குழைத்த எபாக்சிப் பிசினால் அடையுங்கள். இறுகிய பிறகு அதே இடத்தில் புதுத் துளை போடுங்கள். இனி போல்ட்டைச் சுற்றி எபாக்சிச் சுவர்தான் இருக்கும், நாளைக்கு எங்காவது கசிந்தாலும் பால்சாவுக்குத் தண்ணீர் போகாது. பொறுமையைச் சோதிக்கிற வேலை. இதில் அவசரப்படுகிறவர் டோ ரெயில் மாற்றாமலே இருக்கலாம்.

இனி மரம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் வெயிலையும் உப்பையும் தாங்குகிறது. கியாட் நம் ஊர் வேங்கையின் ஒன்றுவிட்ட சகோதரம், இரண்டும் ஒரே பேரினம். ஈரத்துக்கு ஊதுவதும் வெயிலுக்குச் சுருங்குவதும் குறைவு, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள், ஓரத்து வெளிறிய மரம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் கியாட் பாதுகாக்கப்பட்ட மரம், எங்கிருந்து வெட்டி வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இழைக்கும்போது முகமூடி அவசியம், அதன் தூள் மூக்கையும் நெஞ்சையும் படுத்தும்.

நீளக் கட்டை கிடைக்காதது குறையே இல்லை. சாய்வு இணைப்பு போடுங்கள். கட்டையின் கனத்தைப்போல் குறைந்தது 8 மடங்கு நீளத்துக்குச் சாய்வு வேண்டும்: 25 மில்லிமீட்டர் கனத்துக்கு 200 மில்லிமீட்டர். மேலே தெரியும் மெல்லிய நுனி படகின் பின்பக்கம் பார்த்து இருக்கட்டும். முன்பக்கம் பார்த்தால் கயிறும் கால்விரலும் அதில் மாட்டிப் பிளந்துவிடும். எபாக்சியால் ஒட்டுங்கள். தேக்காக இருந்தால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து எண்ணெயை எடுக்க வேண்டும். வளைவு அதிகமான இடத்தில் இணைப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளைக்கும்போது கட்டை மேலும் கீழுமாகவும், உள்ளும் வெளியுமாகவும், இரண்டு விதமாகத் திரும்ப வேண்டும். முன்முனையில் பூட்டிவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். மீதி நீளமே நெம்புகோலாக உதவும். முரண்டு பிடித்தால் நீராவி, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பட்டறைக் கணக்கு. கசிவை அடைக்கும் பசையான சீலன்ட் எதுவும் பூசாமல் கிளாம்ப் போட்டு முதலில் பொருத்திப் பார்த்து, கீழே இருந்து தளத்தின் துளைகள் வழியாகவே மேல்நோக்கித் துளையிடுங்கள். தளம் மிகத் தாழ்ந்திருக்கும் இடத்தில், கட்டையின் அடியில் தண்ணீர் வடிய வாய் வெட்ட மறக்காதீர்கள். டர்பனின் கோடை மழைக்கு அது இல்லாவிட்டால் ரெயிலை ஒட்டிக் குளம் கட்டி நிற்கும்.

சீலன்ட்டில் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அது விட்டுப்போகும் வழுவழுப்பில் பிறகு எதுவும் ஒட்டாது. இறுகிப்போகும் பாலியூரித்தேன் பசையும் வேண்டாம், அடுத்த முறை கழற்றுகிறவர் தளத்தையே பெயர்த்துவிடுவார். மரத்துக்கு பாலிசல்ஃபைடு நல்லது. ஒவ்வொரு துளையின் வாயையும் மேலே சற்று அகலமாகக் குடையுங்கள், அந்தக் கிண்ணத்தில் தங்கும் சீலன்ட் போல்ட்டைச் சுற்றி வளையமாக நிற்கும். முதலில் பாதி இறுக்கம். சீலன்ட் காய்ந்து ரப்பராக ஆன பிறகு, மேலே தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழே நட்டை மட்டும் திருப்பி முழுதாக இறுக்குங்கள். போல்ட்டையே திருப்பினால் அந்த வளையம் அறுந்துவிடும்.

கடைசியில் மர மூடிகள். அதே கட்டையிலிருந்து வெட்டி, ரேகை ரெயிலின் ரேகையோடு ஓடும்படி, வார்னிஷில் தோய்த்து அடியுங்கள். எபாக்சி வைத்தால் பிறகு எடுக்க முடியாது. மறுநாள் உளியால் சீவும்போது ரெயிலின் மேற்பரப்போடு ஒரே வெட்டாக வெட்டாமல், முதலில் உயரத்தில் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். ரேகை கீழ்நோக்கி இறங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து சீவ வேண்டும். இல்லாவிட்டால் மூடி விளிம்புக்குக் கீழே பிய்ந்து குழியாகும், அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பெரியவரின் குடும்பம், டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் வலை இழுத்த நம் மீனவர்களின் வழி. வரிசையாக மூடி சீவிக்கொண்டே போவார், ஒன்றுகூடப் பிய்ந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: என் படகில் இருப்பது, வரிசையாகத் துளைகள் வைத்தே செய்த அலுமினிய டோ ரெயில். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கிறது. ஆபத்தா?
— உம்லாசி சாலை வாசகர்

பதில்: எஃகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். அந்தப் பொடி அதுதான். ரெயில் இன்னும் கனமாக இருந்தால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தம் செய்து, இரண்டு உலோகமும் நேராகத் தொடாமல் தடுக்கும் டெஃப்-ஜெல் அல்லது டியூராலாக் பசை பூசித் திரும்பப் போடுங்கள். துளை பெரிதாகி உதிர்கிறதென்றால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: டோ ரெயில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அலமாரிக்குள் தண்ணீர். எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— ரிச்சர்ட்ஸ் பே வாசகி

பதில்: தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தேடாதீர்கள் அம்மா. அது உள்விளிம்பு வழியாக நெடுந்தூரம் ஓடிப் பிறகுதான் சொட்டும். ஜன்னல், காற்றுத்துளை எல்லாவற்றையும் டேப் போட்டு அடைத்துவிட்டு, காற்று ஊதும் இயந்திரம் ஒன்றை அறையின் வாசலில் வைத்து உள்ளே ஊதவிடுங்கள். வெளியே தூரிகையால் ரெயில் நெடுகச் சோப்புத் தண்ணீர் பூசி வாருங்கள். எங்கே நுரை குமிழிடுகிறதோ அங்கேதான் ஓட்டை. சாக்பீஸால் குறி வையுங்கள், அந்த போல்ட்டுகளை மட்டும் எடுத்துப் புதிதாக சீலன்ட் வைத்தால் போதும்.

கேள்வி: என் 12 வயது மகன் தாய்மாமனோடு பாய்மரப் படகில் போகத் தொடங்கியிருக்கிறான். சுற்றிலும் டோ ரெயில் இருக்கிறது, விழமாட்டான் என்கிறான் அண்ணன். நம்பலாமா?
— ஃபீனிக்ஸ் வாசகி

பதில்: அதை மட்டும் நம்பாதே தங்கச்சி. படகு சாயும்போது கால் வழுக்காமல் முட்டுக் கொடுப்பதற்குத்தான் அந்த இரண்டு விரல் உயரக் கட்டை. விழுகிற பிள்ளையை அது நிறுத்தாது. அளவான உயிர்காப்பு அங்கி கட்டாயம், வழுக்காத அடியுள்ள காலணி கட்டாயம். அலை இருக்கும் நாளில் மார்பில் கட்டும் பாதுகாப்பு வாரும், அதைப் படகோடு இணைக்கும் கயிறும் போடச் சொல். கயிற்றின் கொக்கியை டோ ரெயிலில் மாட்டக் கூடாது. அடியில் தகடு வைத்து முழு போல்ட்டில் இறுக்கிய வளையத்தில், முடிந்தவரை படகின் நடுக்கோட்டில் மாட்ட வேண்டும். கயிறு குட்டையாக இருந்தால் பிள்ளை விளிம்பைத் தாண்டிப் போகவே முடியாது. அப்படி ஒரு வளையம் படகில் எங்கே இருக்கிறது என்று அண்ணனிடம் காட்டச் சொல். இல்லையென்றால் பொருத்திய பிறகு பிள்ளையை அனுப்பு.